அகுஸ்தீன் அத்தியட்சரும் போரறமும்

கிறிஸ்துவின் அடியார் வாளெடுத்துப் போர்செய்தல் தகுமோ என்னும் வினாவிற்கு, சில வரம்புகளுக்குட்பட்டுத் தகும் என்று விடையிறுத்தோருள் தலையாயவராக எண்ணப்படுபவர், வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து அத்தியட்சராயிருந்த அகுஸ்தீன் என்னும் பெரியார். அவருக்குப் பின்வந்த அரசர் பலர் தத்தம் படையெடுப்புக்கு அவர் பெயரைத் துணைக்கொண்டனர். போரை முற்றும் வெறுத்த கிறிஸ்தவரோ, மலைப்பிரசங்கத்தின் கூர்மையை மழுங்கச் செய்தவர் இவரே என்று குறைகூறினர். இருதிறத்தாரும் அவர் எழுத்துக்களிற் சிலவற்றைப் பெயர்த்தெடுத்துக்கொண்டனரேயன்றி, அவை எழுதப்பட்ட காலத்தையும், அவற்றைப் பெற்றவர் பின்னர் என்னவாயினர் என்பதையும் உடன்வைத்து நோக்கினாரல்லர். அங்ஙனம் நோக்குதலே இக்கட்டுரையில் யாம் மேற்கொண்ட முயற்சி.

அகுஸ்தீன் பிறந்த நுமீதியா நாட்டில், அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், ஒரு வழக்கு நிகழ்ந்தது. 295ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தெவெஸ்தே என்னும் ஊரில், மக்சிமிலியன் என்ற இளைஞன் படையிற் சேர்க்கப்படும்பொருட்டு அதிகாரிமுன் நிறுத்தப்பட்டான். அவனுக்கு வயது இருபத்தொன்று. நம் கல்லூரி வகுப்புக்களில் அமர்ந்திருப்போரின் வயதென்றே கூறலாம். உயரம் அளக்கப்பெற்றபோதும், தான் கிறிஸ்தவனாதலின் படைத்தொழில் செய்ய இயலாதென்றே அவன் மறுத்துரைத்தான். பேரரசரின் மெய்காப்பாளருள்ளும் கிறிஸ்தவர் உளரே என்று அதிகாரி எடுத்துக்காட்டியதற்கு, அவர்க்குத் தக்கது அவர் அறிவர், தனக்குத் தக்கது தான் அறிவேன் என்னும் கருத்துப்பட விடைகூறினான். அன்றே அவன் தலை துணிக்கப்பட்டது. தனக்கெனத் தந்தை ஆயத்தஞ்செய்திருந்த புத்தாடையைக் கொலைஞனுக்கு ஈயுமாறு வேண்டிக்கொண்டு அவன் இறந்தான்.

அக்காலத்துக் கிறிஸ்தவர் எல்லாரும் மக்சிமிலியனைப் போன்றவரல்லர் என்பது அவ்வதிகாரி கூற்றினாலேயே விளங்கும். எனினும், கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியனும், அலெக்சாந்திரியாவில் கற்பித்த ஓரிகனும் போன்ற ஆசிரியர்கள் படைத்தொழிலைக் கிறிஸ்தவர்க்கு ஆகாதென்றே எழுதிவைத்தனர். பின்னர்க் காலம் திரும்பிற்று. 313ஆம் ஆண்டில் கான்ஸ்தந்தீன் பேரரசர் திருச்சபைக்கு உரிமை வழங்கினார். மக்சிமிலியன் மாண்டு ஒன்றேகால் நூற்றாண்டு கழியுமுன்னரே, கிறிஸ்தவரல்லாதார் உரோமப் படையிற் சேர்தலாகாதென்று அரசாணை பிறந்தது. இவ்வளவு பெரிய மாற்றம் இவ்வளவு விரைவில் நேர்ந்ததனை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பும் ஒருவகை அச்சமுமே உண்டாகின்றன. எல்லையைக் காப்பவரும், கள்வரைப் பிடிப்பவரும், தண்டனை விதிப்பவரும் கிறிஸ்தவரேயாய்விட்டபோது, பழைய வினாவிற்குப் பழைய விடை போதாதாயிற்று. இந்நெருக்கடியின் நடுவிலேதான் அகுஸ்தீன் தோன்றினார்.

அவர் 354ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் நாள் தகஸ்தே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பத்ரீசியுஸ்; அன்னையார் மோனிக்கா. மகனுக்காக அவ்வன்னையார் வடித்த கண்ணீரும், அவர் மதூரையிலும் கார்த்தேஜிலும் கற்றதும், மானிகேயரோடு ஒன்பதாண்டு உழன்றதும், மிலான் நகரில் நாவன்மை கற்பிக்கும் ஆசிரியராயமர்ந்ததும், 386ஆம் ஆண்டில் மனந்திரும்பி மறு ஆண்டு உயிர்த்தெழுதற் பண்டிகையில் ஞானஸ்நானம் பெற்றதும் அவர்தம் அறிக்கைகள் என்னும் நூலால் உலகறிந்தன. (இங்குக் குறித்த மதூரை ஆப்பிரிக்க ஊராகும்; நம் மாணவர் மயங்கற்க.) ஆதலின் அவற்றை விரித்தலின்றி மேற்செல்வோம்.

ஞானஸ்நானம் அளித்த அம்புரோசு அத்தியட்சரைப்பற்றி மட்டும் ஒன்று கூறல் வேண்டும். 390ஆம் ஆண்டில், தெசலோனிக்கே நகரத்தார் படைத்தலைவன் ஒருவனைக் கொன்றதற்குப் பழியாகத் தெயோதோசியுஸ் பேரரசர் அந்நகர மக்களைத் திரள்திரளாக வெட்டுவித்தார். அவர் மனம் வருந்திப் பொதுமன்னிப்புக் கேட்குமளவும் நற்கருணைக்கு அணுகவொண்ணாதென அம்புரோசு தடுத்து நிறுத்தினார். பேரரசரும் அடிபணிந்தார். அப்பொழுது அகுஸ்தீன் தம் நாடு திரும்பி ஈராண்டு ஆகியிருந்தது. எனினும், வாளுடையான் எவனாயினும் அவன்மேல் ஒரு நீதி உண்டென்னும் இப்பாடத்தை அவர் ஒருபோதும் மறந்திலர்.

391ஆம் ஆண்டில் ஹிப்போ நகரத்துக்கு ஒரு காரியமாக வந்த அவரை, அவ்வூர் மக்கள் பற்றிப்பிடித்து, அவர் அழ அழக் குருவாக்கிவிட்டனர். ஐந்தாண்டு கழியுமுன் அத்தியட்சருமானார். அமைதியாகத் தவத்திலிருந்து நூலெழுத விழைந்தவர்க்கு, அந்நாளைய வழக்கப்படி, ஊராரின் நிலத்தகராறுகளையும் கடன் வழக்குகளையும் கேட்டுத் தீர்ப்பளிக்கும் வேலையும் வந்து வாய்த்தது. காலைமுதல் உண்ணும் வேளைவரையும், சிலபோது பொழுது சாயுமளவும் அவர் இதனைச் செய்வார். போரைப்பற்றி அவர் கூறியனவெல்லாம் இவ்வழக்குமன்றத்தில் அமர்ந்திருந்த ஒருவர் கூறியவையே என்பது எம் கருத்து. தீயவனுக்கும் எளியவனுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லவேண்டிய கடனுடையார்க்கு, ஒன்றுஞ் செய்யாது கைகட்டியிருத்தலும் ஒரு செயலாகவே தோன்றும்.

அறப்போர் என்னுஞ் சொல் காந்தியடிகள் காலந்தொட்டுப் படைக்கலம் ஏந்தாப் போராட்டத்துக்கே நம் மொழியில் பெரும்பாலும் வழங்கிவருதலின், அகுஸ்தீன் கருதிய போரை யாம் நீதிப்போர் என்றே குறிப்போம். இதனைப்பற்றி அவர் தனிநூல் ஒன்றும் இயற்றினாரல்லர். கேட்டவர் கேட்டவர்க்கு ஆங்காங்கே கூறிய விடைகளைப் பின்னுள்ளோர் தொகுத்ததே அவர் கோட்பாடு.

முதலாவது விடை மானிகேயர்க்கு. பழைய ஏற்பாட்டில் மோசே போர்செய்தாரன்றோ, அத்தகைய வேதம் இறைவனதாகுமோ என்று பவுஸ்தன் என்னும் மானிகேய ஆசிரியன் இகழ்ந்தான். அவனுக்கு மறுப்பாக எழுதிய நூலில் அகுஸ்தீன் கூறியது வன்மையானது. என்றேனும் சாகவேண்டிய மாந்தர் சிலர் போரிற் சாதல் ஒன்றே போரின் தீமையன்று. இன்னா செய்தலில் இன்பம், பழிவாங்கும் கொடுமை, தணியாப் பகை, ஆளும் வெறி ஆகிய இவையே உண்மைத் தீமை என்றார். இதனைக் கற்றபோது எமக்கு மனம் ஒருவாறு நெருடிற்று. மகனை இழந்த தாயிடம் நின்று இதனைக் கூற இயலுமோ? ஆயினும், தீமையின் வேரை அவர் வாளிற் காணாது வாளைப் பிடித்தவன் நெஞ்சிற் கண்டார் என்பது தெளிவு. அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் பிரியுமிடம் இதுவே.

இரண்டாவது விடை பலரும் அறியாதது. தன்னுயிரைக் காத்துக்கொள்ளத் தாக்குவோனைக் கொல்லலாமோ என்று புப்ளிக்கோலன் என்னும் செல்வர் வினவியபோது, அது தமக்கு உடன்பாடன்று என்று அகுஸ்தீன் எழுதினார். தன்பொருட்டன்றிப் பிறரைக் காக்கும்பொருட்டு, அதிகாரம் பெற்ற போர்வீரனோ அரச ஊழியனோ செய்வதாயின், அது வேறு. உலகத்தார் வழக்கு இதற்கு நேர்மாறானதன்றோ? தற்காப்பு எவர்க்கும் உரியதென்றும், பிறர்பொருட்டுப் போர்செய்தலே ஐயத்திற்குரியதென்றும் நாம் எண்ணுகின்றோம். அகுஸ்தீனோ, தன்னை நேசிப்பதனால் எழும் கொலையை விலக்கி, அயலானை நேசிப்பதனால் நேரும் கொலைக்கு மட்டும் சிறுவழி விட்டார். அவ்வழியின் அகலத்தை அவர் பெயரால் பிற்காலத்தார் பெருக்கிக்கொண்டனர்.

மூன்றாவது விடைக்குக் காரணம் உரோமாபுரியின் வீழ்ச்சி. 410ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24ஆம் நாள், அலாரிக் என்பவன் தலைமையில் கோத்தர் அந்நகருட் புகுந்து மூன்று நாள் கொள்ளையிட்டனர். எண்ணூறு ஆண்டுகளாக அயலார் அடி படாத நகரம் அது. தப்பியோடிய செல்வர் பலர் ஆப்பிரிக்கக் கரையிற் புகலடைந்தனர். பழைய தெய்வங்களைக் கைவிட்டமையாலும், ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்டென்னும் மதத்தை அரசு தழுவியமையாலுமே இக்கேடு நேர்ந்ததென்று அவர்கள் பேசிக்கொண்டனர். வொலூசியன் என்பவர் எழுப்பிய இக்குற்றச்சாட்டை, பேரரசின் ஆணையாளராய் வந்திருந்த மர்செல்லீன் என்னும் நல்லார் அகுஸ்தீனுக்கு எழுதியனுப்பினார்.

அதற்கு அவர் இறுத்த விடை நுட்பமானது. கிறிஸ்து, பிரதான ஆசாரியர்முன் அறையப்பட்டபோது, மறு கன்னத்தைக் காட்டாது, தம்மை அடித்த காரணத்தை வினவினார். ஆதலின் அக்கட்டளை உடலைப்பற்றியதன்று, உள்ளத்தின் ஆயத்தத்தைப்பற்றியது என்றார். யோவான் ஸ்நானன் தம்மிடம் வந்த போர்ச்சேவகரைப் படைக்கலத்தை எறிந்துவிடுமாறு கூறாது, எவரையும் துன்புறுத்தாமல் தம் சம்பளத்தோடு மனநிறைவு கொள்ளுமாறே கூறியதையும் எடுத்துக்காட்டினார். தந்தை மகனைத் தண்டிப்பதுபோல, பகைவனை நேசிக்கும் நெஞ்சோடே அவனை அடக்குதலும் கூடும் என்பது அவர் துணிபு. அது மனிதரால் இயல்வதோ என்று நாம் ஐயுறலாம். போர்க்களத்தில் நின்றாரைக் கேட்டன்றி அதற்கு விடைகூற இயலாது.

இம்மறுப்பே வளர்ந்து, 413ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் இருபத்திரண்டு புத்தகங்களாக நிறைவுற்றது. அதுவே இறைவனின் நகரம் என்னும் பெருநூல். நீதி நீங்கிய அரசுகள் பெருங்கொள்ளைக் கூட்டங்களேயன்றிப் பிறிதல்ல என்று அதில் அவர் துணிந்துரைத்தார். தன்னைப் பிடித்த அலெக்சாந்தரை நோக்கி ஒரு கடற்கொள்ளைக்காரன், தான் ஒரு மரக்கலத்தாற் செய்வதனையே அவன் பெரும் கடற்படையாற் செய்கின்றான் என்று இடித்துக்கூறிய கதையையும் எடுத்தாண்டார். உரோமப் பேரரசின் குடியாயிருந்துகொண்டே அதன் வெற்றிகளை இங்ஙனம் எடைபோடுதல் சிறிய செயலன்று. பின்னொரு புத்தகத்தில், அறிஞன் நீதிப்போர் செய்யநேரினும், அதற்குரிய கட்டாயம் நேர்ந்ததற்காகவே அவன் வருந்தவேண்டும். வருந்தாது அதனைப் பொறுத்துக்கொள்வானாயின் அவன் மனித உணர்வையே இழந்தவன் என்றார். தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அகுஸ்தீனிடமிருந்து மூன்று நிபந்தனைகளைத் திரட்டினார்: உரிய அதிகாரம், நேரிய காரணம், தூய நோக்கம் என்பன. அவை சட்டநூல்களிற் புகுந்தன. அவ்வருத்தம் மட்டும் எச்சட்டத்திலும் புகவில்லை. 2020ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், இக்காலப் படைக்கலங்களின் ஆற்றலை நோக்க, நீதிப்போர் என்று பேசுதலே மிக அரிதாகிவிட்டதென்று கூறி, அகுஸ்தீன் பெயரையும் அங்கே குறிப்பிட்டது.

இனி, அகுஸ்தீனுடைய வாழ்வில் எம்மால் எளிதில் ஏற்கவியலாத பகுதிக்கு வருவோம். ஆப்பிரிக்கத் திருச்சபை அந்நாளில் இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. டோனாதியர் எனப்பட்ட பிரிவினருட் சிலர் தடியேந்திய கூட்டங்களாகத் திரிந்து, எதிர்த்தரப்புக் குருமாரைத் தாக்கினர். குரு ஒருவரைக் கொன்று, மற்றொருவரின் கண்ணைத் தோண்டி விரலைத் துண்டித்தனர். அவர்கள் பிடிபட்டபோது, மர்செல்லீனுக்கு எழுதி, கொலைத்தண்டமோ உறுப்புக்குறைத்தலோ அவர்கட்கு வேண்டாவென்று அகுஸ்தீன் மன்றாடினார். துன்புற்ற அடியாரின் பாடுகளைத் துன்புறுத்தியோரின் குருதியால் மாசுபடுத்தலாகாதென்பது அவர் வேண்டுகோள். இது போற்றத்தக்கது. ஆனால் அதே அகுஸ்தீன், முதலில் எவரையும் வலிந்து சபைக்குட் கொணர்தல் ஆகாதென்றிருந்தவர், அரசாணைகளால் ஊர்கள் ஒன்றுபடக் கண்டபின், விருந்துக்கு உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிவரச்சொன்ன உவமையை அரசரின் அபராதங்களுக்கும் நாடுகடத்தலுக்கும் ஆதாரமாக்கினார். காலங் கடந்து அவ்விளக்கம் எத்தனை சிறைகளைத் திறந்ததென்று வரலாறு அறியும். நெஞ்சின் அன்பே செயலுக்கு அளவுகோல் என்பார், தம் நெஞ்சின் அன்பைத் தாமே அளத்தல் வேண்டும். அவ்விடத்தில் அகுஸ்தீனைப் போன்ற ஞானியும் தவறக்கூடும் என்பதே எம் முடிபு. அன்பர் மர்செல்லீன் 413ஆம் ஆண்டில், கலகமொன்றில் உடந்தையென்னும் பொய்க்குற்றத்தின்பேரில், அதே அரசின் அதிகாரியொருவனால் தலை துணிக்கப்பட்டார். அவருக்காக அகுஸ்தீன் செய்த முயற்சி பயன்படவில்லை.

அவர் விடைகளுள் யாவரும் எடுத்துக்காட்டும் விடை போனிபாஸ் என்னும் படைத்தலைவருக்கு எழுதியது. 417ஆம் ஆண்டளவில் போனிபாஸ் ஆப்பிரிக்காவில் எல்லைக்காவலில் இருந்தார். அஞ்சாநெஞ்சர், நேர்மையாளர் என்று பெயரெடுத்தவர். படைக்கலம் தாங்குவோரும் கடவுளுக்கு உகந்தவராதல் கூடும் என்று அவருக்கு அகுஸ்தீன் உறுதிகூறினார். துறவியர் காணாப் பகையோடு செபத்தால் போராடுகின்றனர், நீர் காணும் பகையோடு போராடுகின்றீர் என்னும் கருத்தில் எழுதினார். கூடவே வரம்புகளையும் வைத்தார். சமாதானமே நாட்டம், போர் இன்றியமையாமையால் மட்டும் நேர்வது. பகைவனுக்குக் கொடுத்த வாக்கையும் காக்க வேண்டும். தோற்றவனுக்கும் சிறைப்பட்டவனுக்கும் இரக்கம் கடமை.

சில ஆண்டு கழித்துப் போனிபாஸின் மனைவியார் இறந்தனர். துயரத்தில் ஆழ்ந்த அவர் படைத்தொழிலை விட்டுத் துறவியாக விரும்பினார். இதனைக் கேட்ட அகுஸ்தீன், முதுமையையும் வழியின் தொலைவையும் பாராது, தம் இளமைத்தோழரான அலிப்பியுஸ் அத்தியட்சரோடு துபூனே என்னும் எல்லையூர்க்குச் சென்றார். அங்குத் தனிமையிற் பேசி, துறவு வேண்டாவென்று தடுத்தார். தன்னளவில் தூயனாய் வாழ்ந்துகொண்டு, நாடோடிக் கொள்ளையரிடமிருந்து சபைகளைக் காப்பதே திருச்சபைக்கு அவர் ஆற்றக்கூடிய பெருந்தொண்டு என்றார். எவரையும் துறவுக்கே அழைக்கும் அகுஸ்தீன், இவரொருவரை வாளோடு நிறுத்திவைத்தார்! அவர் கோட்பாடு முழுவதையும் ஒரு மனிதன்மேல் வைத்துப் பார்த்த இடம் இதுவே. மக்சிமிலியன் மறுத்த வாளைப் போனிபாஸ் கீழே வைக்க வந்தபோது, திருச்சபையே அதனை மீண்டும் அவர் கையிற் கொடுத்தது.

போனிபாஸ் வாளை வைத்திருந்தார், தூய்மையை வைத்திருந்தாரல்லர். மறுமணம் புரிந்தார், மணந்தவள் கிறிஸ்துவின் தெய்விகத்தைக் குறைத்துக்கூறிய ஆரியுஸ் என்பானின் கொள்கையைச் சார்ந்தவள். ஆப்பிரிக்கா முழுதுக்கும் தலைவரானபின், 427ஆம் ஆண்டில் அரண்மனைச் சூழ்ச்சியால் திரும்பியழைக்கப்பட்டார். செல்ல மறுத்து, அரசின் பகைவரானார். உரோமப் படை உரோமப் படையோடு பொருதது. எல்லையில் காவலற்றுக் கொள்ளையர் பெருகினர். அப்பொழுது உதவிக்குரு ஒருவர் வாயிலாக அகுஸ்தீன் எழுதியனுப்பிய மடல் துயரம் நிறைந்தது. இவ்வளவு பெரும்படையோடு போனிபாஸ் இருக்கும்போது நாடு இங்ஙனம் பாழாகுமென்று எவர்தாம் நினைத்திருப்பர் என்று கேட்டார்; துபூனேயில் பேசியதை நினைவூட்டினார்; அரசியல் வழக்கில் யார் பக்கம் நீதியென்று தீர்ப்புக்கூறாது, உலகப்பற்றை விடுக என்று மட்டும் வேண்டினார். நீதிப்போருக்கு நிபந்தனைகளை வகுத்தவர், தம் கண்முன் நடந்த போரில் எப்பக்கம் நீதி என்று சொல்லவில்லை.

429ஆம் ஆண்டில் கைசரிக் என்னும் அரசன் தலைமையில் வாண்டலர் ஸ்பெயின் நாட்டினின்றும் கடல் கடந்து வந்தனர். பெண்டிர் பிள்ளைகள் உட்பட எண்பதினாயிரவர் என்ப. போனிபாஸே அவர்களை அழைத்தார் என்பது பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் கூற்று. இக்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஐயுறுகின்றனர். ஊர்கள் எரிந்தன, மக்கள் காடுகளிலும் குகைகளிலும் ஒளிந்தனர். குருமார் ஓடிப்போகலாமோ என்று ஓர் அத்தியட்சர் கேட்டெழுதினார். மக்கள் எஞ்சியிருக்குமளவும் மேய்ப்பர் விட்டோடலாகாதென்று விடைபோயிற்று.

அக்காலத்தே, போனிபாஸுக்கும் அரசுக்கும் இணக்கம் உண்டாக்கவும், வாண்டலரோடு பேசவும், தாரியுஸ் என்னும் உயர்குடி அதிகாரி இத்தாலியினின்றும் அனுப்பப்பட்டார். அவருக்கு எழுதிய மடலில் அகுஸ்தீன், வீரரையும் அவர் உழைப்பையும் புகழ்ந்தபின், வாளால் மனிதரைக் கொல்லுதலினும் சொல்லால் போரையே கொல்லுதல் பெரும்புகழ் என்றார். நீதிப்போரின் ஆசிரியர் என்று உலகம் கூறும் முதியவர் தம் எழுபத்தைந்தாம் வயதையொட்டிக் கூறியது இது. தாரியுஸ் பணிவோடு விடையெழுதினார்: தாம் போரை அழித்துவிடவில்லை, ஒத்திவைத்தது மெய்யென்று.

ஒத்திவைப்பு நெடுநாள் நிற்கவில்லை. அரசோடு இணங்கிய போனிபாஸ் வாண்டலரை எதிர்த்துத் தோற்று, எஞ்சிய படையோடு ஹிப்போ நகருக்குள்ளேயே புகுந்தார். 430ஆம் ஆண்டு வேனிலில் முற்றுகை தொடங்கிற்று. அகுஸ்தீன் வாளோடு நிறுத்திவைத்த மனிதரும் அகுஸ்தீனும் ஒரே மதிலுக்குள் அடைபட்டனர். அகதிகளான அத்தியட்சர் பலரும் அங்கிருந்தனர். ஒருநாள் உணவு வேளையில் அகுஸ்தீன், நகரத்தை மீட்கவேண்டும், அன்றேல் அடியாருக்குத் தாங்கும் வலிமை தரவேண்டும், அதுவுமன்றேல் தம்மை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று இறைவனை இரப்பதாகக் கூறினார். மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் கண்டது. தாவீதின் மனவருத்தச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச்செய்து, படுக்கையிற் கிடந்தபடியே நோக்கி நோக்கி அழுதார். வைத்தியர் வரும்போதும் உணவு கொணரும்போதுமன்றி எவரும் உள்ளே வரலாகாதென்று கட்டளையிட்டுப் பத்துநாள் தனிமையிலிருந்தார். ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள் உயிர்நீத்தார். உடைமை எதுவுமின்மையால் மரணசாசனம் எழுதவில்லை. நூல்களை மட்டும் காக்கும்படி கூறிச்சென்றார். இவையெல்லாம் உடனிருந்த பொசீதியுஸ் என்னும் அத்தியட்சர் எழுதிவைத்த செய்திகள்.

முற்றுகை பதினான்கு மாதம் நீடித்து, வாண்டலரும் பசியால் வருந்தி விலகினர். பின்னர் மக்கள் நீங்கிய நகரம் எரியுண்டது. போனிபாஸ் இத்தாலிக்குத் திரும்பி, 432ஆம் ஆண்டில், ஏத்தியுஸ் என்னும் மற்றோர் உரோமப் படைத்தலைவரோடு போர்செய்து வென்று, அப்போரிற்பட்ட புண்ணால் மாண்டார். அகுஸ்தீனுடைய நூல்கள் தீக்குத் தப்பின. போனிபாஸுக்கு எழுதிய மடல்களும், தாரியுஸுக்கு எழுதியதும், அதற்குத் தாரியுஸ் விடுத்த மறுமொழியும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.